திரைக்கதை எழுத்தாளரும் கொச்சி நகரமும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த மணம் என்றும் மாறுவதில்லை. அத்தெருவை ஒட்டி நெருங்கி நிற்கும் வீடுகளின் மாடிகளில் புறாக்கூண்டுகளைக் காணலாம். புறாவைப் பறக்கவிட்டுப் போட்டியிடுவது இப்பகுதி இளைஞர்களின் விருப்பமான விளையாட்டு. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பறவ’ என்னும் மலையாளத் திரைப்படம், இவ்விளையாட்டில் ஈடுபட்ட பள்ளிச் சிறுவர் இருவரைப் பற்றியது. அதனை இயக்கியவர் சௌபின் சாகிர். முனீர் அலியுடன் இணைந்து அதனை எழுதியவரும் அவரே. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் நடிகராகத் தமிழ் மாணவர் பலர் அவரை அறிவர். கொச்சியைச் சேர்ந்த அவர், 2003இல் வெளிவந்த ‘குரோனிக் பேச்சிலர்’ படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். தம் தெருவின் கதையைத் தாமே திரையில் சொல்வதற்கு அதன்பின் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

‘குரோனிக் பேச்சிலர்’ படத்தை இயக்கியவர் சித்திக். அவரும் இதே நகரத்தவர். அவர் திரைத்துறைக்குள் நுழைந்த வழி, புதிய எழுத்தாளர் எவரும் அறிய வேண்டிய ஒன்று.

சித்திக்கும் அவருடைய நண்பர் லாலும் கொச்சியின் கலாபவன் குழுவில் பலகுரல் கலைஞர்களாக விளங்கினர். 1981இல் அக்குழு தொடங்கிய ‘மிமிக்ஸ் பரேட்’ நிகழ்ச்சியில் இருவரும் பங்கேற்றனர். மேடை இரக்கமற்ற ஆசிரியர். நகைச்சுவை எடுபடவில்லை என்றால் அந்த நொடியிலேயே அமைதியால் உணர்த்திவிடும். பின்னர் இயக்குநர் பாசிலிடம் இருவரும் உதவியாளராகச் சேர்ந்தனர். 1986இல் அவர்கள் எழுதிய ‘பப்பன் பிரியப்பெட்ட பப்பன்’ பெரும் வெற்றி பெறவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘நாடோடிக்காற்று’ பெரும்புகழ் பெற்றது. துபாய்க்குச் செல்வதாக நம்பிக் கப்பலேறிய கேரள இளைஞர் இருவர் சென்னைக் கடற்கரையில் இறக்கிவிடப்படும் கதை அது. ஆனால் அப்படத்தில் சித்திக்–லால் பெயர் ‘கதை’ என்னும் இடத்தில் மட்டுமே உள்ளது. திரைக்கதை சீனிவாசனுடையது.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். கதை என்பது நிகழ்ச்சிகளின் சுருக்கம். உரையாடல் என்பது மாந்தர் பேசும் சொற்கள். திரைக்கதையோ ஒவ்வொரு காட்சியும் எங்கே, எப்பொழுது நிகழ்கிறது, கண்ணுக்கு எது தெரிகிறது, காதுக்கு எது கேட்கிறது என வரிசைப்படுத்தி எழுதப்படுவது. ஏறத்தாழ ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு.

சிறுகதையில், ‘அவன் வறுமையால் வாடினான்’ என்று எழுதலாம். ஒளிப்பதிவுக் கருவியால் அவ்வாக்கியத்தைப் படம்பிடிக்க இயலாது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஒருவன் சட்டைப்பையிலுள்ள நாணயங்களை எண்ணுகிறான், வரிசையிலிருந்து விலகுகிறான், தோப்பும்படிப் பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்குகிறான். இது திரைக்கதை.

சித்திக்கும் லாலும் 1989இல் ‘ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்’ படத்தைத் தாமே எழுதி இயக்கினர். ஒருவருக்குச் செல்ல வேண்டிய கடத்தல்காரனின் தொலைபேசி அழைப்பு, பிழையால் ஏழை நாடகக் குழுவினரை வந்தடைகிறது. இந்த ஒரு சிறு பிழையிலிருந்து கதை முழுவதும் விரிகிறது. தயாரிப்பாளர்களுள் ஒருவர், அவர்களுக்குத் தொழில் கற்பித்த பாசில். அவரே அதனைத் தமிழில் ‘அரங்கேற்ற வேளை’ என்று 1990இல் எடுத்தார். தமிழில் ‘பிரண்ட்ஸ்’, ‘காவலன்’ ஆகிய படங்களை இயக்கிய சித்திக் 2023இல் மறைந்தார். லாலைக் ‘கர்ணன்’ படத்தின் முதியவராகத் தமிழர் நன்கறிவர்.

புதியவர்க்கு உள்ள பெரிய அச்சம், சொன்ன கதையைப் பிறர் எடுத்துக்கொள்வரோ என்பதே. அது வீண் அச்சமன்று. தயாரிப்பாளர் முன் அமர்ந்து வாய்மொழியாகக் கதை சொல்லி வாய்ப்புக் கேட்பது நம் திரையுலகின் வழக்கம். காற்றில் போன சொல்லுக்குச் சான்று ஏது? சட்டமும் கருத்தைக் காப்பதில்லை. ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடக ஆசிரியர், தம் நாடகத்தைத் தழுவி ‘நியூ டெல்லி’ என்னும் இந்திப் படம் எடுக்கப்பட்டது என வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. கருத்துக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவை வெளிப்படும் வடிவத்திற்கே உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே முழுமையாக எழுதி முடித்தபின் கதை சொல்லச் செல்வதே தக்கது. எழுத்தாளர் சங்கங்களில் பிரதியைப் பதிவு செய்வதும் உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை பிறக்கும் என்பதில்லை; எந்நாளில் எழுதப்பட்டது என்பதற்கு அது சான்றாகும்.

உதவியாளராக நெடுங்காலம் காத்திருத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. வீட்டு வாடகை காத்திருப்பதில்லை. இந்நாளில் குறும்படம் மற்றொரு வாயிலாக அமைந்துள்ளது. ‘நாளைய இயக்குநர்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012இல் ‘பீட்சா’ படத்தையும், நலன் குமாரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ படத்தையும் எழுதி இயக்கினர். திரைக்கதையை முறையாகக் கற்க விரும்புவோர்க்குப் புனேயில் திரைப்படக் கல்லூரி உள்ளது. கொச்சி மாணவர்க்கு அவ்வளவு தொலைவும் வேண்டா; கோட்டயம் மாவட்டத்தில் உள்ள கே. ஆர். நாராயணன் பெயரிலான நிறுவனத்திலும் திரைக்கதையும் இயக்கமும் கற்பிக்கப்படுகின்றன.