எடை பார்க்கும் நாளும் இடைவேளை உணவும்

நம் நாட்டுப் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் மாணவரின் உடற்தகுதியை ஆண்டுக்கு இருமுறை சோதிக்கும் முறை உண்டு. 'செகாக்' என்னும் மலாய்ச் சுருக்கப் பெயரால் ஆசிரியர் அனைவரும் அதனை அறிவர். படி ஏறி இறங்குதல் முதலிய பயிற்சிகளோடு உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் கிடைக்கும். அந்த எண்ணை அட்டவணையோடு ஒப்பிட்டு, குறைவு, இயல்பு, மிகை, பருமன் என்று பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு சொல்லை எழுதிவிடுகிறோம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர். அதே ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். எனவே அளக்க வேண்டாம் என்று எவரும் சொல்லார். அளக்கப்படும் பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பாசிரியனாக இருந்த காலத்தில், எடை பார்க்கும் நாளன்று மாணவரை வரிசையாக நிறுத்தினேன். கருவி காட்டிய எண்ணை நான் உரக்கச் சொல்ல, மேசையில் இருந்த சக ஆசிரியர் ஏட்டில் குறித்துக்கொண்டார். வேலை விரைவில் முடிந்ததில் எனக்கு மனநிறைவுகூட உண்டாயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் எண்ணைச் சொன்னபோது பின்னாலிருந்து "லோரி!" என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன், அத்தோடு மறந்தும் போனேன்.

அவள் மறக்கவில்லை. மறுநாள் முதல், இடைவேளையில் துணையுணவுத் திட்டத்தில் கிடைத்த சோற்றைத் தம்பியின் தட்டில் தள்ளிவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்து வந்திருக்கிறாள். மூன்று வாரம் கழித்து, செம்பனைக் காட்டு வேலை முடிந்த கையோடு அவள் தாய் பள்ளிக்கு வந்தார். "ஐயா, புள்ள பகல்ல ஒரு பருக்கை தொடமாட்டேங்குது. ராத்திரி எல்லாரும் தூங்கின பொறவு சட்டியை வழிச்சுத் திங்குது. கேட்டா அழுவுது" என்றார். என்ன மறுமொழி சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இஃது ஒரு தோட்டப் பள்ளியில் நேர்ந்த தனி நிகழ்ச்சி அன்று. ஜொகூர் நீரிணையின் அக்கரையில், சிங்கப்பூரில், ஒரு நாடே இதை 15 ஆண்டுகள் செய்து பார்த்தது. 1992 இல் அங்கே பருமனான மாணவரைப் பிரித்தெடுத்து உடற்பயிற்சி அளிக்கும் திட்டம் பள்ளிதோறும் தொடங்கிற்று. சில பள்ளிகளில் மற்றப் பிள்ளைகள் உண்ணும் இடைவேளையிலேயே இவர்கள் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. அத்திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகள் டி, ஏ, எஃப். அவற்றைப் பின்னிருந்து படித்தால் 'பருமன்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் வரும். பெயர் வைத்தவர்கள் கவனிக்கவில்லை போலும்; பிள்ளைகள் உடனே கவனித்துவிட்டார்கள்! எண்ணிக்கையளவில் அத்திட்டம் தோல்வி அன்று. பருமனான மாணவரின் விகிதம் 14 விழுக்காட்டிலிருந்து பத்துக்கும் கீழே இறங்கிற்று. ஆயினும், பிள்ளைகளுக்கு முத்திரை குத்துகிறது என்ற குறை ஓயாது எழுந்தது. 2007 இல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான உடல்நலத் திட்டம் அதன் இடத்தில் வந்தது.

பிள்ளைகளைத் தனியே பிரிக்காமல், எண்ணை மட்டும் பெற்றோருக்கு அறிவித்தால் என்ன? நம் நாட்டிலும் 2011 இல் மாணவர் தேர்ச்சி அறிக்கையில் இக்குறியீட்டெண்ணைச் சேர்ப்பது பற்றிப் பேசப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 79 பள்ளிகளில் 28,000க்கு மேற்பட்ட மாணவரைக் கொண்டு இதனை முறையாகச் சோதித்து, 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணை வீட்டுக்கு எழுதி அனுப்பியதால் பிள்ளைகளின் எடையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. ஆனால் பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தம் உடல்மேல் இருந்த நிறைவு குறைந்துவிட்டது.

அந்த எண்ணின் தகுதிதான் என்ன? 1830களில் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே, மக்கட்கூட்டத்தின் சராசரி இயல்பை ஆராய்ந்தபோது கண்ட கணக்கு அது. தனி ஒருவரின் நலத்தை அறிய அவர் அதை வகுக்கவில்லை. 2004 இல் புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யூட்கினும் தம் இருவர் உடலையே சான்றாகக் காட்டினார்கள். இருவர்க்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் உடற்கொழுப்போ, யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவரில் மெலிந்த தோற்றமுடைய பலருக்கு நீரிழிவு வருவதன் மர்மம் இதில் ஓரளவு விளங்கும். 'ஒல்லிப்பிச்சான்' என்று நாம் கவலையின்றி விட்டுவிடும் பையனுக்கும் உணவுப் பாடம் தேவை என்பதும் விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பிள்ளைகளின் வயது பத்து முதல் பன்னிரண்டு. பெண்பிள்ளைகள் பூப்பெய்துவதை ஒட்டி உடலில் கொழுப்புச் சேர்வது இயற்கை. வளரும் உடலைப் பார்த்து அவர்கள் தாமே கூசும் பருவத்தில்தான் நாம் தராசைக் கொண்டுவந்து வைக்கிறோம்.

அந்தச் சிறுமி பகலில் பட்டினி கிடந்து இரவில் சட்டியை வழித்தது ஏன்? பேராசையினால் அன்று. இக்கணக்குக்கு 1972 இல் உடல் நிறைக் குறியீட்டெண் என்னும் இன்றைய பெயரை இட்ட ஆன்சல் கீஸ் என்பாரே இதற்கும் விடை தேடி வைத்திருக்கிறார். 1944-45 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சோற்றுக் கனவு கண்டார்கள்; சமையல் நூல்களைத் தேடிப் படித்தார்கள். வேண்டிய அளவு உணவு கிடைத்த பிறகும் பலருக்கு வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை. மன உறுதியுள்ள வாலிபர்க்கே இந்நிலை எனில், பதினொரு வயதுப் பிள்ளை எம்மட்டு! அதே மாநிலத்தில் இளையோரை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், மெலிவதற்காக உணவைக் குறைத்தவர்களே பின்னர்ப் பருமனாகும் வாய்ப்பும் அளவிறந்து உண்ணும் வாய்ப்பும் மிகுதியாக உடையவர்களாய் இருந்தார்கள்.

வீட்டிலோ நிலைமை வேறு. பாட்டி, "எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று மேலும் ஒரு கரண்டி சோறு வைப்பார். அவர் இளமையில் தோட்டத்தில் மெலிவு என்றால் நோய், சதைப்பற்று என்றால் நலம். பள்ளியில் பருமன் என்கிறோம். வீட்டில் நோஞ்சான் என்கிறார்கள். பிள்ளை எதை நம்பும்?

உணவைப் பற்றிய பாடம் உடலைச் சுட்டாமல் நடக்க முடியும். சுகாதார அமைச்சின் 'கால், கால், அரை' தட்டு இதற்கு நல்ல துணை. தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதி காயும் பழமும். இதில் எவர் உடலும் பேச்சில் வருவதில்லை. கணிதப் பாடத்திலும் இடம் உண்டு. நூறு மில்லிலிட்டருக்குப் பத்து கிராம் சீனி என்று அச்சிட்ட 320 மில்லிலிட்டர் பானத்தில் எத்தனை கரண்டிச் சீனி? 32 கிராம்; கரண்டிக்கு நான்கு கிராம் எனில் எட்டு. சீனியைக் கண்ணாடிக் குவளையில் அளந்து போட்டுக் காட்டுங்கள். ஒல்லியான பையனும் பருமனான பையனும் ஒருங்கே "ஆ!" என்பார்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது எடையைத் திரைக்குப் பின்னே, ஒருவர் ஒருவராக அழைத்துப் பார்க்கிறோம். கருவியின் முகம் ஆசிரியரை நோக்கி இருக்கும். எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. கவலைக்கு இடமிருந்தால் தாய் தந்தையரைத் தனியே அழைத்து மருந்தகத்துக்கு அனுப்புகிறோம். திரைக்கு வெளியே நின்றுகொண்டு, "எவ்வளவுடா?" என்று கேட்கும் பையன்களை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.