புதியவருக்கு அருகில் ஒரு சக ஆசிரியர்

பணி நியமன ஆணையுடன் ஒருவர் பள்ளிக்கு வருகிறார். பணியேற்பு அறிக்கை எழுதித் தருகிறார். தலைமையாசிரியர் வகுப்பையும் பாடவேளை அட்டவணையையும் ஒப்படைக்கிறார். அன்று முற்பகலிலேயே அவர் முப்பது குழந்தைகளுக்கு முன்னால் தனியாக நிற்கிறார். மூன்று ஆண்டுத் தொடர் பணிக்குள் இரண்டு ஆண்டுகள் தகுதிகாண் பருவம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், முதல் வாரத்தில் எழும் ஐயங்களை யாரிடம் கேட்பது என்பது தெரியாது.

அந்த ஐயங்களில் பல மிகச் சிறியவை. எமிஸ் தளத்தில் வருகையைத் தவறாகப் பதிந்துவிட்டால் எப்படித் திருத்துவது? தற்செயல் விடுப்பை முதல் நாளே எழுதித் தர வேண்டுமா? காலை உணவு முடிந்து குழந்தைகள் கை கழுவி வரும்வரை யார் உடன் நிற்பது? சில ஐயங்கள் பெரியவை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக் குழந்தைகளும் ஒரே அறையில் இருக்கும்போது முதலில் யாரிடம் உட்காருவது? ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசை மாணவன் எதிர்த்துப் பேசினால் என்ன செய்வது? தலைமையாசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், புதியவர் இவற்றை அவரிடம் கேட்கத் தயங்குவார். தகுதிகாண் பருவம் நிறைவாக முடிந்தது என்று பரிந்துரைக்க வேண்டியவர் அவர்தானே. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்ற அச்சம் இயல்பானது. கேட்காமல் விட்ட கேள்விக்குப் புதியவர் தாமாகவே ஒரு விடை செய்துகொள்கிறார். பிரம்பு, உரத்த குரல், பாடநூலை அப்படியே எழுதிப் போடுதல் ஆகியவை இப்படித்தான் பலருக்குப் பழக்கமாகின்றன. அதன் விலையைக் கொடுப்பது அந்த வகுப்புக் குழந்தைகள்.

இங்கேதான் சக பணியாளரின் துணை பயன்படுகிறது. கேத்தி கிராம், லின் இசபெல்லா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் பணியிடச் சக பணியாளர் உறவுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சக பணியாளர் உறவை அவர்கள் மூன்று வகையாகப் பார்த்தார்கள். தகவல் மட்டும் பகிர்வது ஒன்று. வேலையைப் பற்றிய கருத்தையும் ஊக்கத்தையும் தருவது மற்றொன்று. மனம்விட்டுப் பேசும் நெருக்கம் மூன்றாவது. மூன்றாவது வகை தானாக அமைந்தால் உண்டு. ஆணை போட்டு உருவாக்க முடியாது. முதல் இரண்டை ஒரு பள்ளி திட்டமிட்டே ஏற்படுத்தலாம்.

இங்கிலாந்து 2021 செப்டம்பர் முதல் இதை முறையாகச் செய்கிறது. அங்கே புதிய ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு வழிகாட்டி ஒருவர் உண்டு. அவரை மதிப்பிடும் பொறுப்பு வேறொருவருடையது. வழிகாட்டியும் மதிப்பீட்டாளரும் தனித்தனிப் பொறுப்பினர் என்பதுதான் அதில் நாம் கவனிக்க வேண்டியது. புதியவரின் பாடவேளையும் முதல் ஆண்டில் 10 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 5 விழுக்காடும் குறைக்கப்படுகிறது. வாரம் 28 பாடவேளை எடுப்பவருக்கு 10 விழுக்காடு என்பது ஏறக்குறைய மூன்று பாடவேளை. நம் பள்ளிகளில் அவ்வளவு முடியாமல் போகலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வரும்படி வாரம் ஒரு பாடவேளையை அட்டவணையில் ஒதுக்குவது தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது. நேரம் ஒதுக்காமல் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை.

யாரைத் துணையாக்குவது? பள்ளியின் மிக மூத்தவர்தான் வேண்டும் என்பதில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்குத் தம் முதல் ஆண்டுத் தடுமாற்றம் இன்னும் நினைவிருக்கும். அதே வகுப்பை அல்லது அதே பாடத்தை எடுப்பவர் என்றால் நல்லது. முதலில் புதியவர் இவருடைய வகுப்பில் பின்னால் அமர்ந்து பார்க்கட்டும். பிறகு இவர் அங்கே போகலாம். வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு விஷயம் பேசினால் போதும். பத்துக் குறைகளை ஒரே மூச்சில் கேட்பவர் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொள்வார். பேசியதைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகக் கூடாது. தயவுசெய்து, இதற்கும் ஒரு பதிவேடு திறந்துவிட வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளியில் என்ன செய்வது? கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தாம். அங்கே புதியவருக்கு உடன் இருக்கும் ஒரே ஆசிரியர் தலைமையாசிரியராகவே இருப்பார். இத்தகைய பள்ளிக்குத் துணையை வெளியிலிருந்துதான் தேட வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எப்படியும் சந்திக்கிறார்கள். அங்கேயே ஒருவரைப் புதியவருடன் இணைத்துவிடலாம். மற்ற நாட்களுக்குக் கைப்பேசி இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் ஒரே அறிவியல் ஆசிரியராக வந்து சேர்பவருக்கும் இதே வழிதான்: வகுப்பைக் கையாள்வதற்கு உள்ளே ஒருவர், பாடத்துக்கு வெளியே ஒருவர்.

ஓர் எச்சரிக்கை அவசியம். துணை ஆசிரியர் நல்லதை மட்டுமே கடத்துவார் என்று எண்ணிவிடக் கூடாது. "நாலாம் வகுப்பில் அந்தப் பையனை விட்டுடுங்க டீச்சர், அவனுக்கு வராது" என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பவரும் துணையாகத்தான் வருகிறார். அந்தக் குழந்தைக்குப் புதிய ஆசிரியர் என்பவர் ஒரு புதிய வாய்ப்பு. பழைய முத்திரையைக் கையோடு கொடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. குழந்தையின் உடல்நலம், வீட்டுச் சூழல் போன்ற தேவையான செய்திகளைச் சொல்லலாம். திறமையைப் பற்றிய தீர்ப்பை மட்டும் ஒரு மாதமாவது தள்ளிப்போடலாம். புதியவர் தாமே பார்த்துச் சொல்வது பல நேரங்களில் நம் கணிப்போடு ஒத்துப்போகாது. அப்போது திருத்திக்கொள்ள வேண்டியது நாமாகவும் இருக்கலாம்.

அரையாண்டுத் தேர்வு வாக்கில் கேள்விகளின் தன்மை மாறத் தொடங்கும். 'எப்படிச் செய்வது' என்பது குறைந்து, 'ஏன் இப்படிச் செய்கிறோம்' என்பது வரும். அதன்பின் வாரந்தோறும் சந்திக்க வேண்டியதில்லை.

கலந்தாய்வில் மாறுதல் பெற்று வருபவரை நாம் புதியவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும் இந்த ஊரின் பேருந்து நேரமும், பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் யார் என்பதும், எந்தத் தெருக் குழந்தைகள் அறுவடைக் காலத்தில் வராமல் நின்றுவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. அவருக்கு இரண்டு வாரத் துணை போதும். அந்தத் துணை வயதிலும் பணியிலும் இளையவராக இருப்பதில் தவறேதும் இல்லை.