இருள் சூழ்ந்த வேளையிலும் விசுவாசம்

செபிக்க முழந்தாளிட்டால் உள்ளம் வறண்டு கிடக்கிறது. மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டா என்னும் ஐயம் தலைதூக்குகிறது. 'விசுவாசத்தை இழந்துவிட்டேனோ?' எனக் கலங்கி, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் கூசி வாழ்வோர் நம் குடும்பங்களில் உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளுடைய இறுதிப் பதினெட்டு மாதங்கள் இவர்களுக்கு நல்ல வழிகாட்டி.

ரோஜா மலர்களை ஏந்திய அவருடைய படத்தைக் காண்போர், அவர் ஐயமே அறியாதவர் என எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. பிரான்சு நாட்டின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 1888ஆம் ஆண்டு, தம் 15ஆம் வயதில் அவர் சேர்ந்தார். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு முதன்முறையாக இரத்தம் கக்கினார். மோட்சம் அருகில் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார். ஆனால் அந்தப் பாஸ்குக் காலத்திலேயே, மோட்சத்தைப் பற்றிய எண்ணம் அவருக்கு வேதனையும் போராட்டமும் ஆயிற்று. சாவுக்கு அப்பால் சூனியமே என்றொரு குரல் அவரை ஏளனம் செய்தது. வானளாவிய மதில் ஒன்று தம்முன் எழுந்து நிற்பதாக அவர் எழுதியுள்ளார்.

ஐயத்தோடு அவர் வாதாடவில்லை. அதற்குப் புறங்காட்டி இயேசுவிடம் ஓடினார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதித் தம்மோடு வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் செய்ததைவிட அந்த ஓராண்டில் அதிக விசுவாச முயற்சிகள் செய்ததாகக் கூறினார். நவகன்னியர்க்கு வழிகாட்டும் பணியையும், மறைபரப்புக் குருக்களுக்கு எழுதும் கடிதங்களையும் உடல் தாங்கியவரை விடவில்லை. தம் சோதனையை மடத்துத் தலைவியிடம் மறைக்கவுமில்லை.

மற்றொரு கனியும் விளைந்தது. கடவுளை மறுப்போர் மெய்யாகவே இருக்கக்கூடும் என்பதை அவர் முன்னர் நம்பியதில்லை. இப்போதோ, அவர்களுடைய பந்தியில் அமர்ந்து, அவர்களைச் சகோதரராகக் கருதி, அவர்களுக்காகவும் மன்றாடினார்.

இச்சோதனை நீடிக்கவே, 1897 செப்டம்பர் 30ஆம் நாள், 24ஆம் வயதில் உயிர்நீத்தார். திருச்சபை 1925இல் அவரைப் புனிதராகவும், 1997இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது. அவருடைய பெயரைத் தம் துறவறப் பெயராக ஏற்ற கல்கத்தா அன்னை தெரேசாவும் நெடுங்காலம் அக இருளில் உழைத்தவர் என்பது, 2007இல் வெளியான கடிதங்களால் உலகெங்கும் தெரியவந்தது.

ஐயம் எழுவது வேறு. அதற்கு மனமார இணங்குவது வேறு. உணர்ச்சி வற்றிய பின்னும் 'விசுவசிக்கிறேன்' எனச் சொல்லும் மனவுறுதி மெய்யான விசுவாசமே.

பெற்றோரே, வளர்ந்த பிள்ளை தன் ஐயத்தை உங்களிடம் வெளியிட்டால் சினந்து வாயடைக்காதீர்கள். பொறுமையோடு கேளுங்கள், தக்க குருவானவரிடம் பேச உதவுங்கள். இரவுச் செபத்தில் அவனுக்காகவும் ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கள். ஐயத்தால் வாடும் அன்பரே, வழக்கமான செபத்தையும் ஞாயிறு பூசையையும் பிறர்க்குச் செய்யும் உதவியையும் இக்காலத்தில் கைவிடாதீர். சுவையின்றிச் செய்யும் செபத்தையும் ஆண்டவர் கேட்கிறார்.