புட்டியில் வந்த கடிதம்

1982-ம் வருஷம். சென்னையிலிருந்த ஓர் இளம் மனைவிக்கு இலங்கையிலிருந்து தபால் வந்தது. பிரித்தால், உள்ளே கணவரின் கையெழுத்து! அவரோ இலங்கைப் பக்கமே போகவில்லை. லட்சத்தீவுகளில் ஆளரவமற்ற சுஹேலித் தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாக ஆமைகளைக் கணக்கெடுத்துக் கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் அங்கே படகு போகாது, தபால் ஏது? கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அலைகள் சுமந்து சென்ற அதை இலங்கை மீனவர் ஒருவர் கண்டெடுத்து, விலாசம் பார்த்து அனுப்பி வைத்தார்.

அந்தக் கணவர்தான் சதீஷ் பாஸ்கர். 1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் மாணவர். பெயர்தான் மாணவர், மனமெல்லாம் கடலில்! அப்போது அவருக்குக் கிடைத்த கூட்டாளிகள் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணைக்காரர்கள். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பிறந்து, பிறகு கிண்டிக்குக் குடிபெயர்ந்த பண்ணை அது.

இந்த வாலிபர்கள் இரவெல்லாம் கடற்கரை மணலில் நடந்தார்கள். எதற்காக? பங்குனி ஆமைக்காக. தை பிறந்தால் தாய் ஆமை கரையேறும். பின் துடுப்புகளால் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிள்ளை முகம் பார்க்கும் பாக்கியம் அதற்கு இல்லை. முட்டை பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். அதற்குள் நாயும் நரியும் மனிதனும் தோண்டிவிடுவார்கள். ஆகவே முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்தார்கள் இவர்கள்.

1988-ல் சென்னை மாணவர்கள் இந்தப் பணியைக் கையில் எடுத்து, கடலாமைப் பாதுகாப்புக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை அவர்கள் நடக்கும் நடை இன்றும் தொடர்கிறது. ஊராரையும் உடன் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள்.

முட்டையைக் காத்தால் மட்டும் போதுமா? 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மீனல்ல, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். வலையிலே ஆமை தப்பிக்க ஒரு வழி வை என்பதும், கரையோர விளக்கை அணை என்பதும் ஆமைகளுக்காகப் பேசுவோரின் வேண்டுகோள்.

விளக்கு என்ன செய்யும் என்கிறீர்களா? இருளில் பிறக்கும் குஞ்சு, வெளிச்சம் தெரியும் திசையே கடல் என்று ஓடும். நம் மாடி விளக்கு பளீரென்று எரிந்தால், அது சாலைக்கல்லவா வந்து சேரும்!

சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார். கடலோரம் குடியிருக்கும் சகோதரிகளே, முகமறியாத மீனவர் ஒருவர் அவருடைய கடிதத்தை வீடு சேர்த்தார். மாசி, பங்குனி இரவுகளில் நீங்கள் ஒரு விளக்கை அணைத்தால், ஒரு குஞ்சு அதன் வீடு போய்ச் சேரும்.