தாகம் என்னும் சொல்

குவாத்தமாலா நாட்டின் அந்திகுவா நகரில் ஸ்பானிய மொழி பயில வருவோர் பலர் உள்ளூர்க் குடும்பங்களில் தங்குவர். நாமும் அவ்வாறே தங்கினோம். காலையில் பாடம், ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர். பிற்பகலில் நோயாளர் இல்லம் ஒன்றில் தொண்டு.

முதல் வாரம் உணவு மேசையில், களைத்திருக்கிறோம் என்று சொல்ல எண்ணி, ‘கன்சாதோ’ என்பதற்குப் பதிலாகக் ‘கசாதோ’ என்றோம். மணமானவர் என்று பொருள்! குருவானவரின் இவ்வறிக்கையைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் மக்காச்சோள ரொட்டியை மறந்து சிரித்தனர்.

நோயாளர் இல்லத்தில் நேர்ந்ததோ சிரிப்பதற்கன்று. முதியவர் ஒருவர் ‘செத்’, ‘செத்’ என்று முனகினார். நமது தமிழ்ச் செவி அதை வேறுவிதமாகக் கேட்டுவிட்டது. பதறி, அவர் கரம்பற்றிச் செபிக்கத் தொடங்கினோம். செவிலி வந்து தண்ணீர் கொடுத்தார். ‘செத்’ என்றால் தாகம். சிலுவையில் ஆண்டவர் உரைத்த அவ்வார்த்தையை ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று பிரசங்கித்த நமக்கு, அது விளங்கவில்லை.

அன்றிரவு இல்லத்தாயார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. தாகம், பசி, வலி, குளிர் ஆகிய நான்கு சொற்களையும் பிழையின்றி ஒப்பித்த பிறகே உணவு பரிமாறினார். அந்நகரின் புனித பேதுரு பெத்தான்கூரும் (1626-1667) குருத்துவப் படிப்பில் தேறாதவரே என்று சொல்லித் தேற்றினார். படிப்பை விட்ட அவர் ஏழை நோயாளருக்கு மருத்துவமனை அமைத்தார். 2002-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மறுநாள் முதியவர் மீண்டும் ‘செத்’ என்றார். குவளையுடன் சென்றோம்.