நெஞ்செரிச்சலுக்கு ரண சிகிச்சை: எது, யாருக்கு?

உண்ட உணவு இரைப்பைக்குள் இறங்கியதும் இறுக மூடிக்கொள்ள வேண்டிய அன்னக்குழாயின் அடித்தசை வளையம் தளர்ந்துவிடுமானால், ஜீரணத்திற்காகச் சுரந்த அமிலமே மேலேறி, அதைத் தாங்கும் சக்தியற்ற அன்னக்குழாயைப் புண்ணாக்குகிறது. ஆகார நியமத்தாலும், உடல் எடையைக் குறைப்பதாலும், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளாலும் பெரும்பாலோருக்கு நிவாரணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் மாத்திரை அமிலத்தைக் குறைக்குமேயன்றித் தளர்ந்த வாயிலை இறுக்காது. ஆகையால், படுத்தவுடன் எதுக்களித்து அவதியுறுவோரும், ஆயுள் முழுதும் மருந்துண்ண விரும்பாதோரும் ரண சிகிச்சையைப் பற்றி யோசிப்பது நியாயமே.

ஜெர்மனியில் பிறந்து, நாஜி ஆட்சியின் காரணமாகத் தாயகம் நீங்கிய ருடால்ஃப் நிசன் என்னும் நிபுணர், 1955-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் செய்த சிகிச்சையே இத்துறைக்கு அஸ்திவாரம். இரைப்பையின் மேற்பகுதியை, கழுத்தைச் சுற்றி அணியும் அங்கவஸ்திரத்தைப் போல, அன்னக்குழாயின் அடிப்பாகத்தில் முழுச் சுற்றாகச் சுற்றித் தைத்துவிடுவதும், உதரவிதானத்தின் துவாரம் அகன்றிருந்தால் அதையும் தைத்துச் சுருக்குவதும் இம்முறையின் சாரம். 1991 முதல் இது வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துவாரங்களின் வழியே லாப்ரோஸ்கோப்பியால் செய்யப்பட்டு வருகிறது. அமிலத்தைத் தடுப்பதில் இது வலிமை வாய்ந்ததெனினும், விழுங்குவதில் சிரமம், ஏப்பம் விட இயலாமை, வயிற்று உப்புசம் ஆகிய உபாதைகள் சிலருக்கு நேர்வதுண்டு.

அவ்வுபாதைகள் குறைவாக நேரும் பகுதிச் சுற்று முறைகளும் உண்டு: முழுச் சுற்றுக்குப் பதிலாக, பின்புறமாக முக்கால் சுற்று மட்டும் சுற்றும் துப்பே முறையும், முன்புறமாக அரைச் சுற்று சுற்றும் டோர் முறையும் 1960-களில் பிரான்சில் தோன்றின. உணவைக் கீழே தள்ளும் அன்னக்குழாயின் அசைவு பலவீனமாக இருப்போருக்கு இப்பகுதிச் சுற்றுகளே உகந்தவை என்பது பல நிபுணர்களின் அபிப்பிராயம்.

2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காந்த மணி வளையம் வேறு வகையைச் சேர்ந்தது. அன்னக்குழாயைச் சுற்றி அணிவிக்கப்படும் இவ்வளையம் உணவு இறங்குகையில் விரிந்து, பின் தானே சேர்ந்துகொள்ளும். ஏப்பம் விடும் சௌகரியம் இதில் பெரும்பாலும் நிலைக்கிறது. ஆயினும் விழுங்கும் சிரமம் இதிலும் உண்டு, அபூர்வமாக வளையத்தை எடுத்துவிடவும் நேரும். மிகுந்த உடற்பருமன் உள்ளோருக்கோ, இரைப்பை பைபாஸ் சிகிச்சை எடை, எரிச்சல் இரண்டையும் ஒருங்கே குறைக்கக்கூடும்; இரைப்பையைக் குழாய்போல் குறுக்கும் ஸ்லீவ் சிகிச்சை எரிச்சலை அதிகப்படுத்தவும் கூடும்.

ஐரோப்பாவில், மாத்திரைக்கு நன்கு கட்டுப்பட்ட நோயாளிகளிடையே நடந்து 2011-ல் வெளியான லோட்டஸ் ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் எதுக்களிப்பு மாத்திரை உண்டோரில் 13 சதவீதத்தினருக்கும், ரண சிகிச்சை பெற்றோரில் 2 சதவீதத்தினருக்கும் இருந்தது. விழுங்கும் சிரமமோ முறையே 5, 11 சதவீதத்தினருக்கு இருந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை ஓரளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பதை இக்கணக்கு தெளிவாக உணர்த்துகிறது.

எனவே, சிறந்த சிகிச்சை எது என்று கேட்பதைக் காட்டிலும், தம் உடலுக்குப் பொருந்துவது எது என்று கேட்பதே விவேகம். எண்டோஸ்கோப்பியும், அமிலத்தை 24 மணி நேரம் அளக்கும் பரிசோதனையும், அன்னக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையும் முடியுமுன் எந்த அறுவைக்கும் சம்மதியாதீர்கள். அவற்றின் முடிவை முன்வைத்து, இம்முறை எனக்கு ஏன் உகந்தது என்று வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே தீர்மானம் செய்யுங்கள்.