நில்லாமல் போகும் நீலவரியன்

ஐப்பசி மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும் காலையில், கம்பம் பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தல்களைத் தாண்டி, வானத்தை எதுவும் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். பட்டாம்பூச்சி ஒன்று எந்தப் பூவிலும் உட்காராமல், அங்குமிங்கும் அலையாமல் நேராகப் போகிறதா? கண்ணை எடுக்காதீர்கள். பின்னால் வருபவையும் அதே திசையில் போனால், அது வலசைக் கூட்டமாக இருக்கலாம்.

வலசை என்றாலே மோனார்க் பட்டாம்பூச்சியைத்தான் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்து மெக்சிகோ மலைக்காட்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூடப் பறக்கும். அதன் சொந்தக்காரர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் அதற்கு மிக நெருங்கிய உறவு. கூட்டமாக வலசை போகிறவை நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை. தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டுவதற்கு முன்பே, ஏப்ரல் முதல் ஜூன் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்குக் கிளம்புகின்றன. அக்டோபர், நவம்பரில் எதிர்த்திசைப் பயணம். இந்தக் கூட்டங்களில் எந்த இனங்கள் அதிகம், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்றெல்லாம் கணக்கெடுத்து, பட்டாம்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே 2005-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

பறக்கும்போது அடையாளம் காண்பது கஷ்டம். ஆகவே தரிசில் கிலுகிலுப்பைச் செடியைத் தேடுங்கள். காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும். வாடிய தண்டில் வரியன்கள் மொய்த்திருந்தால் மெல்லக் கிட்டே போய்ப் பாருங்கள். கருப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடுகள். தலையிலும் மார்பிலும் வெள்ளைப் புள்ளிகள். கால்களை எண்ணுங்கள், நான்குதான் தெரியும். முன்னங்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டியிருக்கும். சுருள்குழலால் தண்டை ஈரமாக்கி, கரைவதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள்தான். அந்தச் சாற்றிலிருந்துதான் பெண் பூச்சியைக் கவரும் வாசனையை உண்டாக்குகின்றன. பறவைகளுக்கோ அந்தச் சாறு ஏறிய பூச்சி கசக்கும். கொத்திய பறவையே துப்பிவிடும்.

பிடிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். ஒரு நோட்டுப் போதும். தேதி, நேரம், மழையா வெயிலா, காற்று எந்தப் பக்கம், 5 நிமிடத்தில் எத்தனை கடந்தன என்று குறியுங்கள். போன திசையை மட்டும் சரியாக எழுதுங்கள். ‘மலைப்பக்கம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை என்று கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலைதானே!